தாத்தா கம்ப்யூட்டருக்கு யானை டிஸ்க்!

நீங்க படிக்கிறது சிவில் இன்ஜினீயரிங்கா இருக்கலாம், பி.காம். ஆகக்கூட இருக்கலாம். ஆனால் சொந்தக்காரங்க வட்டாரத்தில் யாருடைய கம்ப்யூட்டர் படுத்தாலும் போன் உங்களுக்குத்தான் வரும். "நீ காலேஜ்ல படிக்கிற பிள்ளைதானப்பா, ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போயேன்!" மறுக்கவா முடியும்?

போனால், மூலையில் ஒரு பென்டியம் உட்கார்ந்திருக்கும். மேலே மஞ்சளாகிப்போன கவர். உள்ளேயிருந்து 'டிக்... டிக்... டிக்...' என்று சத்தம். ஹார்ட் டிஸ்க் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. "புதுசு வாங்கிடலாமே"ன்னு வாயைத் திறக்காதீங்க. அந்தப் பெட்டி இன்னும் ஓடுவதற்கு ஒரு காரணம் இருக்கும். டி.டி.பி. கடை என்றால் பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த பேஜ்மேக்கர் ஃபைல்கள். யூனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்து அது, புது மெஷினில் திறந்தால் கொத்துக்கொத்தாகப் பூச்சி பறக்கும். பட்டறை என்றால் அந்த மெஷினை இயக்கும் சாஃப்ட்வேர் அதில்தான் ஓடும். காலேஜ் லேப் என்றால், இப்போது எந்த மதர்போர்டிலும் கிடையாத ஒரு ஸ்லாட்டில் செருகிய கார்டு.

ஆக, டிஸ்க்கை மட்டும் மாற்ற வேண்டும். பழைய அளவில், அதாவது 20 ஜி.பி., 40 ஜி.பி.யில் புது டிஸ்க் எங்கே போய்த் தேடுவது? கைக்குக் கிடைப்பது பெரியதுதான். மாட்டுகிறீர்கள், பவர் போடுகிறீர்கள். அப்புறம் நடப்பது மூன்றில் ஒன்று. டிஸ்க்கே தெரியாது. இல்லை, தெரியும், ஆனால் அளவு குறைவாகத் தெரியும். இல்லை, முழுசாகத் தெரியும்.

முதலாவது நடந்தால் சந்தோஷப்படுங்க. இரண்டாவது என்றாலும் பரவாயில்லை. மூன்றாவதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏன்னு கேட்டா, ஒரு சொந்தக் கதை சொல்லணும்.

சித்தி கடையும் நானும்

2004. திண்டுக்கல்லில் எங்க சித்தி டி.டி.பி. கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், காலேஜ் பிள்ளைகளின் ஆய்வேடு... எல்லாம் அங்கேதான் டைப் ஆகும். மதர்போர்டு மட்டும் முந்தின வருஷம் வாங்கியது. சாஃப்ட்வேர்களுக்குப் பழகிவிட்டது என்பதால் விண்டோஸ் 98-ஐயே வைத்திருந்தார்கள். பழைய டிஸ்க் நிரம்பிப்போனதால் நான் 160 ஜி.பி. டிஸ்க் ஒன்றை வாங்கிக் கொண்டுபோய் மாட்டினேன். அப்போது அது யானை!

பயாஸ் 160 என்று காட்டியது. டாஸில் ஒரே பார்ட்டிஷனாகப் போட்டு ஃபார்மேட் செய்தேன், ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. விண்டோஸ் 149 ஜி.பி. காட்டியது. (மீதி 11 எங்கே போச்சுன்னு கேட்காதீங்க. டிஸ்க் செய்யும் கம்பெனி 1000-த்தால் வகுக்கும், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கும். அந்த வித்தியாசம்தான். ஒரு பைட்டுகூடக் காணாமல் போகவில்லை.) சித்திக்கு ரொம்ப சந்தோஷம். எனக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு வாய்ப்பு.

எட்டு மாதம் ஓடியது. கடை ஃபைல்கள் எல்லாம் சேர்ந்து 20 ஜி.பி.கூட வராது. மீதி இடத்தை நிரப்பியது யாருன்னு நினைக்கறீங்க? நானேதான். லீவில் போகும்போதெல்லாம் நண்பர்களின் டிஸ்க்கிலிருந்து படம் படமாக இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி, 700 எம்.பி. படம் ஒன்றைக் காப்பி போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் சித்தி மெஷினைப் போட்டால், அந்த டிரைவ் இருக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. ஃபோல்டர் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமும் கோடுமாக என்னவோ.

அந்த வாரம் ஒரு அக்காவின் எம்.ஃபில். ஆய்வேடு அதில் இருந்தது. சமர்ப்பிக்க நான்கு நாள்தான் பாக்கி.

கவனியுங்க, டிஸ்க் பழுதாகவில்லை. வைரஸ் இல்லை. கரன்ட் கட்டும் இல்லை. எல்லாமே அதது தனக்குத் தெரிந்தபடி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அப்புறம் எப்படி?

மூன்று இலக்க போஸ்ட்மேன்

ஒரு போஸ்ட்மேனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வீட்டு நம்பரில் மூன்று இலக்கத்துக்கு மேல் அவருக்கு வாசிக்கத் தெரியாது. 999 வரை பிரச்னையே இல்லை. ஊர் வளர்கிறது, 1005-ஆம் நம்பர் வீட்டுக்கு ஒரு லெட்டர் வருகிறது. மனுஷன் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் பார்ப்பார்: 005. நேரே ஐந்தாம் நம்பர் வீட்டுக்குப் போய்ப் போட்டுவிடுவார். போட்டால் பரவாயில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த லெட்டரை எடுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் இதை வைப்பார். கேட்டால், "ஒழுங்காக் குடுத்துட்டேனே!" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, பாருங்க.

ஹார்ட் டிஸ்க்கில் வீடு என்பது 512 பைட் கொண்ட ஒரு செக்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பழைய ஐ.டி.இ. முறையில் அந்த நம்பரை எழுத 28 பிட்தான் இடம். 28 பிட்டில் எழுத முடிகிற நம்பர்கள் மொத்தம் 26,84,35,456. அதை 512-ஆல் பெருக்கினால் 137 ஜி.பி. சொச்சம், விண்டோஸ் கணக்கில் சரியாக 128. அதற்கு அடுத்த செக்டாரில் எழுதச் சொன்னால், 28 பிட் மட்டும் தெரிந்த டிரைவர் மேலே இருக்கும் பிட்டை விட்டுவிடும். மிச்சம் என்ன? பூஜ்யம். டிஸ்க்கின் முதல் செக்டார்!

அந்த முதல் செக்டாரில் இருப்பது பார்ட்டிஷன் டேபிள். அதைத் தொட்டாற்போல், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கும் பேரேடு. 149 ஜி.பி. பார்ட்டிஷனுக்கு அந்தப் பேரேடும் அதன் நகலும் சேர்ந்து சுமார் 40 எம்.பி. பாதுகாப்புக்கு என்று இரண்டு பிரதி வைத்தார்களே, இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டார்கள்! எல்லைக்கு அப்பால் போன என் 700 எம்.பி. படம் அந்த இரண்டின் மேலும் உருண்டு போய்விட்டது. ஆய்வேடு டிஸ்க்கில்தான் இருந்தது. எங்கே என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

சித்தி கடையில் பயாஸ் புதுசு, அதற்கு 48 பிட் தெரியும். டாஸ் பயாஸைக் கேட்டுத்தான் டிஸ்க்கைத் தொடும், அதனால் ஃபார்மேட் ஒழுங்காக முடிந்தது. ஆனால் விண்டோஸ் 98 மேலே வந்ததும் பயாஸை ஓரம்கட்டிவிட்டுத் தன் சொந்த டிரைவர் மூலம் பேச ஆரம்பிக்கும். அந்த டிரைவருக்கு 28 பிட்தான். இந்த எல்லை பற்றி அப்பவே தெளிவாக எச்சரித்திருந்தார்கள். படிக்காமல் மாட்டியது நான்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். 'முழு அளவு காட்டுது' என்பதற்கும் 'முழு அளவும் வேலை செய்யுது' என்பதற்கும் நடுவில் ஒரு ஆய்வேடு அளவுக்கு இடைவெளி இருக்கிறது.

இவ்வளவு போதும்னு யார் சொன்னது?

ஏன் இத்தனை எல்லைகள்? கொஞ்சம் பின்னால் போகலாம், சுவாரஸ்யமான சமாச்சாரம்.

1983-இல் வந்த ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி.யில் இருந்த ஹார்ட் டிஸ்க் 10 எம்.பி. ஜி.பி. இல்லை, எம்.பி.! இன்றைக்குப் போனில் எடுக்கிற இரண்டு, மூன்று போட்டோவுக்கு அதில் இடம் இருக்கும். அப்போது டிஸ்க்கில் ஒரு இடத்தைச் சொல்ல மூன்று விவரம் தர வேண்டும்: எந்த சிலிண்டர், எந்த ஹெட், எந்த செக்டார். தெரு, மாடி, கதவு எண் மாதிரி. பயாஸ் இதற்கு ஒரு படிவம் வைத்திருந்தது. சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8, செக்டாருக்கு 6. கூட்டிப் பெருக்கினால் 8.4 ஜி.பி. வரை வரும். 10 எம்.பி. காலத்தில் 8.4 ஜி.பி.! இதுக்கு மேல யாருக்கு வேணும்னு நினைத்திருந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா?

பிறகு ஐ.டி.இ. வந்தது. அதற்குத் தனிப் படிவம். சிலிண்டருக்கு 16 பிட், ஹெட்டுக்கு 4, செக்டாருக்கு 8. இதுவும் தனியாகப் பார்த்தால் 137 ஜி.பி. வரை தாங்கும். கூத்து என்னவென்றால், இரண்டு படிவத்தையும் ஒரே நேரத்தில் நிரப்ப வேண்டும். இதில் எது சின்னக் கட்டமோ அதுதான் செல்லும். சிலிண்டர் 1024, ஹெட் 16, செக்டார் 63. பெருக்கிப் பாருங்கள், 528 எம்.பி.! இரண்டு பெரிய மனுஷங்க சேர்ந்து ஒரு சின்ன வீடு கட்டின கதை. 1990-களின் நடுவில் இந்தச் சுவரில் முட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

அந்தச் சுவரைத் தாண்ட, பயாஸ் கணக்கை மாற்றிச் சொல்லி ஏமாற்றும் வித்தை வந்தது. அது 8.4 வரை இழுத்தது. பிறகு தெரு, மாடி எல்லாம் வேண்டாம், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை நம்பரே போதும் என்று எல்.பி.ஏ. முறைக்கு வந்தார்கள். அதிலும் 1999 வாக்கில் வரை வந்த சில பயாஸ்களில் ஒரு கணக்குப் பிழை. 33.8 ஜி.பி.க்கு மேலே டிஸ்க்கைப் பார்த்தால் அப்படியே உறைந்துவிடும். திரையில் டிஸ்க்கைத் தேடுவதாக ஒரு வரி வரும், அதோடு சரி. கீபோர்டுகூட வேலை செய்யாது.

அதற்கப்புறம்தான் நம் 137. 2001-இல் மேக்ஸ்டர் கம்பெனி 160 ஜி.பி. டிஸ்க்கோடு வந்து அந்தக் கதவை முட்டியது. 2002-இல் ஏ.டி.ஏ.-6 தரம் நம்பரை 48 பிட்டாக நீட்டியது. அது 14 கோடி ஜி.பி.க்கும் மேலே வரும், அந்தப் பக்கம் இனிக் கவலை இல்லை. ஆனால் பார்ட்டிஷன் டேபிள் என்று ஒன்று இருக்கிறதே, அதில் நம்பர் எழுத 32 பிட்தான் விட்டிருந்தார்கள். அது 2.2 டி.பி.யில் கைவிரித்தது.

நம்பரே சாட்சி

டாக்டர் நாடி பிடிப்பது மாதிரி, உங்கள் மெஷின் காட்டுகிற நம்பரை வைத்தே வியாதியைச் சொல்லிவிடலாம்.

500 ஜி.பி. டிஸ்க்கைப் போட்டு 465 காட்டினால் ஒரு வியாதியும் இல்லை, மேலே சொன்ன 1000-1024 விவகாரம்தான். 8.4 காட்டினால் பயாஸ் பழைய படிவத்தைத்தான் படிக்கிறது. எந்தப் பெரிய டிஸ்க்கும் பழைய முறையில் கேட்டால் '16383 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார்' என்றே பதில் சொல்லும், அதன் பெருக்குத்தொகை 8.4. உறைந்து போனால் 33.8 பிழையாக இருக்கலாம். 128 அல்லது 137 காட்டினால் 48 பிட் தெரியவில்லை. 3 டி.பி. டிஸ்க்கைப் போட்டு 746 ஜி.பி. காட்டினால் 2.2 டி.பி. தாண்டி நம்பர் சுற்றிவிட்டது. மூன்றிலிருந்து 2.2-ஐக் கழித்து, வந்ததை விண்டோஸ் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள், 746 வரும்!

டிஸ்க்கே தெரியவில்லையா? பயாஸைத் திட்டுவதற்கு முன்னால் கேபிளைப் பாருங்கள். 80 கம்பி ஐ.டி.இ. கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் இருக்கும் சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு. டிஸ்க்கின் பின்பக்க ஜம்பரும் அதற்கேற்ப இருக்க வேண்டும். ஒரே கேபிளில் இரண்டு மாஸ்டர் என்றால், ஒரே வீட்டில் இரண்டு மாமியார் மாதிரி, யாருமே பேச மாட்டார்கள்.

இன்னொன்று, மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரி. அது செத்துப்போயிருந்தால் நீங்கள் பயாஸில் எதை மாற்றினாலும் கரன்ட்டை நிறுத்தியதும் மறந்துவிடும். தேதி தப்பாகக் காட்டினாலே சந்தேகப்படுங்கள். சி.ஆர்.2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

சாட்டா டிஸ்க் என்றால் ஒரு தனிச் சிக்கல். 2003-05 வாக்கில் வந்த சில மதர்போர்டுகள், முக்கியமாக வியா வி.டி.8237 சிப் போட்டவை, அடுத்த தலைமுறை வேகமான சாட்டா டிஸ்க்கோடு பேச்சுவார்த்தையே நடத்தாது. இதற்கும் அளவுக்கும் சம்பந்தம் இல்லை, வேகம்தான் காரணம். பல டிஸ்க்குகளில் வேகத்தை 1.5 ஜிகாபிட்டுக்குக் குறைக்க ஒரு ஜம்பர் உண்டு. எந்த இரண்டு பின் என்பது லேபிளிலோ, டிஸ்க் கம்பெனியின் கையேட்டிலோ இருக்கும்.

சரி, மருந்து என்ன?

பயாஸ் அப்டேட் என்று எல்லோரும் முதலில் சொல்வார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். மதர்போர்டு மாடல் நம்பர் பி.சி.ஐ. ஸ்லாட்டுகளுக்கு நடுவில் அச்சாகியிருக்கும். மெஷின் கிளம்பும்போது பாஸ் கீயை அழுத்தினால் திரை அப்படியே நிற்கும், கீழ்வரியில் இருக்கும் நீளமான எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். இரண்டும் துல்லியமாகப் பொருந்துகிற ஃபைல் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். பாதியில் கரன்ட் போனால் மதர்போர்டு வெறும் பலகை. நல்ல யு.பி.எஸ். இல்லாமல் தொடவே தொடாதீர்கள். பழைய போர்டு செய்த கம்பெனிகளில் பல இன்று இல்லை. கண்ட இடத்தில் இறக்கிய ஃபைலைப் போட்டுப் பார்ப்பதற்கு இது ரிங்டோன் இல்லை பாஸ்!

33.8-இல் உறைகிற மெஷினுக்கு எளிய வழி, டிஸ்க்கிலேயே இருக்கும் 'கெப்பாசிட்டி லிமிட்' ஜம்பர். அக்கால ஐ.டி.இ. டிஸ்க்குகள் பலவற்றில் உண்டு. போட்டால் டிஸ்க் தன்னை 32 ஜி.பி. என்று பணிவாக அறிமுகப்படுத்திக்கொள்ளும். மீதி இடம் வீண்தான். ஆனால் கடை ஓடும்.

லினக்ஸ் போடத் தயார் என்றால் இன்னும் ஒரு வழி இருக்கிறது. கிளம்பியபிறகு லினக்ஸ் பயாஸ் சொல்வதைக் காதில் வாங்காது. கன்ட்ரோலரிடம் நேரடியாகவே பேசிவிடும். அதனால் சின்ன டிஸ்க் ஒன்றிலிருந்து பூட் செய்து, பெரிய டிஸ்க்கைப் பயாஸில் 'நன்' என்று வைத்துவிட்டாலும், லினக்ஸ் அதைத் தானாகக் கண்டுபிடித்து முழுசாகப் பயன்படுத்தும்.

விண்டோஸை விட முடியாதவர்களுக்கு பி.சி.ஐ. கன்ட்ரோலர் கார்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் பழைய சாமான் கடைகளில் பொறுமையாகக் கிளறினால் மாட்டும். அந்தக் கார்டுக்குச் சொந்தமாக ஒரு பயாஸ், சொந்தமாக ஒரு டிரைவர். மதர்போர்டின் வரம்பு எதுவும் அதைக் கட்டுப்படுத்தாது. வாங்கும்போது 48 பிட் எல்.பி.ஏ. உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாட்டா கார்டு என்றால் இன்றைய டிஸ்க்கையே மாட்டலாம்.

விண்டோஸ் எக்ஸ்.பி. வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2002-இல் வந்த சர்வீஸ் பேக் 1-இலிருந்துதான் 48 பிட் தானாக வேலை செய்யும். இங்கேதான் ஒரு குழி. மெஷினில் சர்வீஸ் பேக் 3 ஓடிக்கொண்டிருக்கும், 250 ஜி.பி. டிஸ்க் ஒழுங்காக இருக்கும். ஒருநாள் மெஷின் மக்கர் பண்ணும். உடனே டிராயரில் கிடக்கும் 2001-ஆம் வருஷத்து ஒரிஜினல் சி.டி.யைப் போட்டு ரீ-இன்ஸ்டால் செய்வீர்கள். அந்த நிமிஷமே மூன்று இலக்க போஸ்ட்மேன் டூட்டிக்குத் திரும்பிவிட்டார்! விண்டோஸ் 2000 என்றால் சர்வீஸ் பேக் 3 அல்லது 4 போட்டாலும் போதாது, ரெஜிஸ்ட்ரியில் 'எனேபிள் பிக் எல்.பி.ஏ.' என்ற மதிப்பை (இடைவெளி இல்லாமல்) நீங்களே 1 என்று வைக்க வேண்டும். விண்டோஸ் 98-க்கு அதிகாரபூர்வமாக வைத்தியமே கிடையாது. எக்ஸ்.பி.க்கு 2014-லேயே பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது என்பதால், இந்த மெஷின்களை நெட்டில் இணைக்காமல் வைப்பது உத்தமம்.

2 டி.பி.க்கு மேலே? 32 பிட் எக்ஸ்.பி.யில் முயற்சியே வேண்டாம். அந்த அளவுக்கு வேண்டிய ஜி.பி.டி. முறை அதற்குத் தெரியாது. 'இதை எல்லாம் எக்ஸ்.பி.யில எக்ஸ்டர்னல் டிரைவா போட்டா 3 டி.பி. ஓடுதே' என்று யாராவது கேட்பார்கள். உண்மைதான். சில எக்ஸ்டர்னல் பெட்டிகள் 512 பைட் செக்டாரை எட்டு எட்டாகச் சேர்த்து 4096 பைட்டாகக் காட்டும், வீடு பெரிதானால் நம்பர் குறையும் அல்லவா. ஆனால் அந்த டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து கழற்றி நேரடியாக மாட்டினால் பார்ட்டிஷன் மாயமாகிவிடும். பதறிப்போய் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், பெட்டிக்குள் திரும்ப வைத்தால் டேட்டா திரும்ப வரும்.

உண்மையைச் சொல்லட்டுமா? பழைய மெஷினுக்குப் பெரிய டிஸ்க் தேவையே இல்லை. 486, ஆரம்ப கால பென்டியம் என்றால் ஐ.டி.இ. அடாப்டரில் ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு போதும். 4 ஜி.பி.யே அதற்குக் கடல். சத்தமும் இருக்காது. மற்றவற்றுக்கு, பெரிய டிஸ்க்கில் முதல் 100 ஜி.பி.க்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டுவிட்டு மீதியைக் காலியாகவே விட்டுவிடுங்கள். பார்ட்டிஷன் எல்லையைத் தாண்டாதவரை போஸ்ட்மேன் குழம்ப மாட்டார். 'காசு வீணாகுதே'ன்னு கை அரிக்கும். அரிக்கட்டும்.

ஒரு ராத்திரி பரீட்சை

என்ன செய்தாலும் சரி, டேட்டாவைக் கொட்டுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். ரொம்ப முக்கியம், எந்த மெஷினில், எந்த ஓ.எஸ்.ஸில் டிஸ்க் வேலை செய்யப் போகிறதோ அதே மெஷினில், அதே ஓ.எஸ்.ஸில் செய்ய வேண்டும். உங்கள் லேப்டாப்பில் பாஸ் ஆகிவிட்டால் இங்கே பாஸ் என்று அர்த்தம் இல்லை.

காலி டிஸ்க்கில் முதலில் ஒரு ஃபோல்டரைக் காப்பி செய்யுங்கள். அதற்கு '001' என்று பெயர். பிறகு அதையே 002, 003 என்று டிஸ்க் நிரம்பி வழிகிற வரை காப்பி போடுங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும். (ஐ.டி.இ. வேகத்துக்கு இரண்டு ராத்திரிகூட ஆகலாம்.) இப்போது மெஷினை ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். இது அவசியம், இல்லையென்றால் மெமரியில் இருப்பதைக் காட்டி ஏமாற்றிவிடும். பிறகு 001-ஐத் திறந்து ஒரிஜினலோடு எம்.டி.5 போட்டு ஒப்பிடுங்கள். நம்பர் சுற்றியிருந்தால் அடி வாங்குவது ஆரம்பத்தில் இருப்பவைதான், ஆகவே முதல் சில ஃபோல்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சந்தேகப் பிராணி என்றால் கடைசியையும் பாருங்கள். இதையே தானாகச் செய்ய எக்ஸ்.பி.க்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கு எஃப்3 என்று இலவச சாஃப்ட்வேர்கள் உண்டு. போலி பென் டிரைவைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துகிறார்களே, அதேதான்.

பரீட்சையில் டிரைவே காணாமல் போனால் வருத்தப்படாதீர்கள். போனது 001 முதல் 200 வரை ஒரே ஃபோல்டரின் நகல்தானே!

சித்தி கடைக்கு வருகிறேன். டிஸ்க் காலியான அன்று ரெகவரி சாஃப்ட்வேர் போட்டுத் துழாவியதில் ஆய்வேடு துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. மூன்றாம் அத்தியாயம் பாதி, அடிக்குறிப்புகள் கொஞ்சம். காப்பாற்றியது காகிதம். அந்த அக்கா பிழை திருத்துவதற்காகப் பிரிண்ட் எடுத்து, சிவப்பு மையில் கிறுக்கி வைத்திருந்தார். அதை வைத்து மூன்று ராத்திரி உட்கார்ந்து மறுபடியும் டைப் செய்தோம். சித்தி அடிக்க, நான் வாசிக்க. விடிகாலை மூன்று மணிக்கு சங்க இலக்கிய மேற்கோள்களைச் சந்தி பிரித்து நான் படித்த அழகைச் சித்தி இன்றைக்கும் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுவார். அக்கா கடைசி நாள் மதியம் சமர்ப்பித்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அந்தக் கடையில் பழைய ஃபைல்களைத் திறக்க மட்டும் இன்றும் ஒரு மெஷின் இருக்கிறது. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது அதன் டிஸ்க் 'டிக்... டிக்...' என்றது. 250 ஜி.பி. ஐ.டி.இ. டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோனேன். முதலில் பழசில் இருந்ததை எல்லாம் இரண்டு பென் டிரைவில் எடுத்துக்கொண்டோம். பிறகு 100 ஜி.பி.க்கு ஒரு பார்ட்டிஷன், ராத்திரி முழுக்கப் பரீட்சை, காலையில் ஒப்பிட்டால் எல்லாம் சரி.

சித்தி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார். "250-ன்னுதானடா காசு குடுத்தோம், 100 காட்டுதே?"

"மீதியில படம் போட இடமில்லாம பண்ணியிருக்கேன் சித்தி."

சிரித்துக்கொண்டே உள்ளே போனார். பின்னால் ரேக் நிறையக் காகிதக் கட்டுகள். கடையில் டைப் ஆகிற ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் ஒரு பிரிண்ட், நூல் போட்டுக் கட்டி, வருஷம் எழுதி. முதல் கட்டில் 2004.